பேசத் தயங்கும் பிள்ளைக்கு டேட்டா சயின்ஸ் ஒத்துவருமா?

அம்மா, பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகன் டேட்டா சயின்ஸ், அதாவது தரவுகளை ஆராய்ந்து பதில் தேடும் படிப்பில் மூன்றாம் ஆண்டு. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால்கூட அறையை விட்டு வெளியே வரமாட்டான். "இவன் ஆபீசில் எப்படிப் பிழைப்பான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூச்ச சுபாவத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். "கம்ப்யூட்டரோடுதானே வேலை" என்று அவன் எண்ணியிருந்தால் மட்டும் அதை இப்போதே மாற்ற வேண்டும்.

இந்தத் தொழிலில் கேள்வியும் வேறொருவருடையது, பதிலை வைத்து முடிவெடுப்பவரும் வேறொருவர். அவருக்கு நம்பிக்கை வராவிட்டால் தரவைக் கொண்டு கணித்துச் சொல்லும் எவ்வளவு நல்ல மாடலும் லேப்டாப்பிலேயே கிடக்கும்.

மலேசியாவின் பினாங்கில் 1972 முதல் இயங்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிப் தொழிற்சாலைக்கு அவன் பயிற்சிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். தேறும் சிப்புகள் ஏன் குறைகின்றன என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஓவன் வெப்பநிலைப் பதிவில் ஆங்காங்கே பூஜ்யம் இருக்கிறது. கோப்பை மட்டும் பார்ப்பவன் அவற்றை நீக்கிவிட்டு மேலே போய்விடுவான். நைட் ஷிப்ட் டெக்னீஷியனிடம் போய்க் கேட்டால், "சென்சார் வயர் லூசானால் அப்படித்தான் விழும் தம்பி, அன்றைக்கெல்லாம் சூடு ஏறித்தான் இருந்தது" என்பார். இது எந்தக் கோப்பிலும் இருக்காது. மரியாதையோடு போய்க் கேட்டுப் பொறுமையாகக் காது கொடுப்பவனுக்குத்தான் கிடைக்கும். அமைதியான பிள்ளைகளுக்கு இது நன்றாகவே வரும். அப்புறம், காரணம் பிடிபட்டதும் மேலாளர் முன்னால் அந்த டெக்னீஷியனைக் குறிப்பிட்டு, அவர் சொன்னதால்தான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அடுத்த முறை அவரே தேடி வந்து பேசுவார். மலாயில் தடுமாறாமல் பேசவும் இப்போதே பழகட்டும்.

வேலையைத் தொடங்கும் முன், "இதற்குப் பதில் கிடைத்தால் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். தரவு வேலையைப் படிப்படியாகச் செய்ய அவன் பாடத்தில் வரும் கிரிஸ்ப்-டிஎம் செயல்முறையின் முதல் படியே தொழிலின் தேவையைப் புரிந்துகொள்வதுதான். மாணவர்கள் அதை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு மாடலுக்குப் பாய்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இன்னொன்று, நேர்மை. நூறு சிப்பில் ஐந்து பழுது என்றால், எல்லாமே நல்லவை என்று கண்ணை மூடிச் சொல்லும் மாடலுக்கும் 95 விழுக்காடு துல்லியம் வந்துவிடும். அதைக் காட்டிக் கைதட்டல் வாங்கலாம். பழுதான சரக்கு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும் அன்று அவன் பேச்சு எடுபடாது. பழுதில் எத்தனை பிடிபட்டது, நல்லதில் எத்தனை வீணாக ஒதுக்கப்பட்டது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகட்டும். தாமதமாகும் என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறவில் யாராவது கடை வைத்திருந்தால் இந்த விடுமுறையில் அவனை அங்கே அனுப்புங்கள். கடைக்காரருக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேட்கட்டும். எந்தச் சரக்கு தேங்குகிறது, எந்த நாளில் கூட்டம் என்பது போல ஏதாவது சொல்வார். ஒரு மாத பில்களைப் பார்த்து, அவருக்குப் புரிகிற தமிழில் ஒரே பக்கத்தில் பதில் எழுதட்டும். அவர் மறுத்துப் பேசினால் வாதாடாமல் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கத்தையும் குறிப்பையும் எடுத்துக்கொண்டு அவனையே என்னிடம் வரச் சொல்லுங்கள். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது எதை முன்னே வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.