கேஸ் சப்ரஷன் பேனலில் டிலே எத்தனை விநாடி வைப்பது?

சர்வர் ரூமில் எஃப்எம்-200 என்ற தீயணைக்கும் வாயு சிஸ்டம் இருக்கிறது, தீ உறுதியானபின் வாயு திறக்கும் வரை பேனலில் 0 முதல் 60 விநாடி வரை டிலே வைக்கலாம், பாதுகாப்புக்கு 60-ஏ வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். ஆள் வெளியேறவும், ஏசி நின்று டேம்பர் (ஏசி குழாயில் காற்றை அடைக்கும் தகடு) மூடவும்தான் அந்த டிலே, அதற்கு மேல் போகும் ஒவ்வொரு விநாடியும் தீ வளரத்தான் உதவும். எஃப்எம்-200 சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு ஆகும், தீ பெரிதாக இருந்தால் அதுவும் அதிகமாக வரும், ஆளுக்கும் கெடுதல் சர்வருக்கும் கெடுதல்.

அதனால் அளந்து வையுங்கள். கடைசி ரேக்குக்குப் பின்னால், தரை டைலைத் தூக்கி வைத்துவிட்டு கேபிளுக்குள் தலையைக் கொடுத்து ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அவர் எழுந்து, திறந்து கிடக்கும் குழியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து வெளியே கால் வைக்கும் வரை ஸ்டாப்வாட்சில் பாருங்கள். கிராஸ் ஸோன் வயரிங் (டிடெக்டர்களை இரண்டு ஸோன்களாகப் பிரித்தது) என்றால் முதல் டிடெக்டருக்கே பெல் அடித்துவிடும், இரண்டாவது ஸோனும் வந்த பிறகுதான் டைமர் ஓடும், ஆகவே சாதாரண அறைக்கு 30 விநாடி பெரும்பாலும் போதும். போதவில்லையென்றால் முதலில் வழியை அடைக்கும் அட்டைப்பெட்டிகளை அகற்றுங்கள். டேம்பர் மூட நேரமாகிறது என்றால் ஏசியை நிறுத்தும் டிரிப்பையும் டேம்பரையும் முதல் அலாரத்திலேயே இயங்கும்படி மாற்றலாம், அதற்காக டிலேயைக் கூட்ட வேண்டியதில்லை.

அப்புறம் அபார்ட் ஸ்விட்ச், அழுத்திப் பிடித்திருக்கும் வரை வாயு திறக்காமல் தடுப்பது. கையை எடுத்ததும் சில பேனலில் முழு நேரமும் மறுபடி முதலிலிருந்து ஓடும், சிலவற்றில் கடைசி 10 விநாடிதான் மிஞ்சும். ஆளே கையால் வாயுவைத் திறக்கும் மேனுவல் ரிலீஸுக்கு டிலே தனி செட்டிங்காக இருக்கலாம், அதையும் பாருங்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் எஃப்எம்-200க்குத்தான். கார்பன் டை ஆக்சைடு சிஸ்டத்துக்கு இதே கணக்கைப் போடவே கூடாது, அதில் அறைக்குள் 34 சதவீதத்துக்குக் குறையாமல் வாயுவை நிரப்புவார்கள், உள்ளே மாட்டியவர் பிழைக்க மாட்டார். 1998 ஜூலையில் அமெரிக்காவின் இன்றைய ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் மின்வேலை நடந்தபோது எச்சரிக்கை அலாரமே அடிக்காமல் சிலிண்டர்கள் திறந்து ஒருவர் இறந்தார். பேனலை முடக்கியிருந்தார்கள், ஆனால் வாயு வரும் வழியைப் பூட்டவில்லை. அதனால் கார்பன் டை ஆக்சைடு சிஸ்டத்தில் பேனல் டைமரை மட்டும் நம்பாமல், வாயு அழுத்தத்திலேயே இயங்கும் டிலேயும் சைரனும், ஆள் உள்ளே போகும்போது பூட்டும் லாக் அவுட் வால்வும் கட்டாயம் வேண்டும்.

டிலேயை மாற்றியதும் சோதித்துப் பார்ப்பீர்கள் இல்லையா, அதற்கு முன், மின்சாரம் வந்ததும் சிலிண்டரைத் திறக்கும் சொலினாய்டை அதிலிருந்து கழற்றிவிடுங்கள். பேனல் ரீசெட் ஆகி, நார்மல் காட்டி, சொலினாய்டு பின் பழைய நிலைக்கு வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு திரும்ப மாட்டுங்கள்.