கேபிளும் ஹாட்ஸ்பாட்டும் ஒன்றாக இருந்தால் வேகம் கூடுமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருக்கிறேன். நிறுவனத்தின் கணக்கு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போட்டிருக்கிறேன். வேகம் கூடட்டும் என்று கைப்பேசி ஹாட்ஸ்பாட்டையும் வைஃபையில் சேர்த்தே வைத்திருப்பேன். போன வாரம் மழையில் லைன் போனது. ஹாட்ஸ்பாட் இருந்தும் மீட்டிங் அப்படியே உறைந்துவிட்டது. ஏன்? இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தவே முடியாதா?

பதில்: வேகம் கூடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ‘கனெக்டட்’ என்று காட்டினாலும், விண்டோஸ் இணையத்துக்குப் போக ஒரு வாசலைத்தான் தேர்ந்தெடுக்கும். மற்றது சும்மா நிற்கும். ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் வீட்டு வைஃபையையே சேர்த்திருந்தால் அதிலும் லாபமில்லை. இரண்டும் போய்ச் சேருவது அதே ரவுட்டர், அதே ஃபைபர்.

எந்த வாசல் என்பதை ‘மெட்ரிக்’ என்ற எண் முடிவு செய்கிறது. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு முன்னுரிமை. நீங்களே பார்க்கலாம்: ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திறந்து ‘ரவுட் பிரிண்ட்’ (route print) கட்டளையைக் கொடுங்கள். நீளமான பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். 0.0.0.0 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள், அவைதான் இணையத்துக்கான வாசல்கள். இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டு வரி இருக்கும். வரியின் கடைசியில் ஒன்றுக்கு 25, மற்றதற்கு 50 என்பதுபோல இருக்கும். 25 உங்கள் கேபிள்.

சரி, அந்த 25 செத்துப் போனதும் 50 ஏன் எழுந்து வரவில்லை? இங்கேதான் சிக்கல். உங்கள் வீட்டில் கேபிள் சாகவில்லை. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மீட்டர் கம்பி நன்றாகவே இருந்தது. விளக்குகூட எரிந்திருக்கும். அறுந்தது ரவுட்டருக்கு அப்பால், தெருவில் எங்கோ. கேபிளில் உயிர் இருக்கும்வரை விண்டோஸ் பெரும்பாலும் வாசலை மாற்றாது. ‘இணையம் இல்லை’ என்று மூலையில் ஒரு குறியைக் காட்டிவிட்டு, அதே அடைத்த வாசலில் முட்டிக்கொண்டிருக்கும்.

அதற்கு எளிய மருந்து: கேபிளைப் பிடுங்குங்கள். கிண்டல் இல்லை, நானும் அதைத்தான் செய்கிறேன். பிடுங்கியதும் 0.0.0.0 வரியில் ஒன்று காணாமல் போகும், சில வினாடிகளில் ஹாட்ஸ்பாட் பொறுப்பேற்கும். மீட்டிங் ஒருமுறை திக்கி, தானே மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆனால் பாதி ஏறிக்கொண்டிருந்த பெரிய ஃபைல் அறுந்துபோகலாம். வாசல் மாறும்போது உங்கள் ஐபி முகவரியும் (இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் எண்) மாறுகிறது, அந்தப் பக்கம் இருக்கும் சர்வருக்கு நீங்கள் புது ஆள்.

பேராக்கில் மத்தியானம் இடி உறுமத் தொடங்கினாலே நான் பிடுங்கிவிடுவேன். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ரவுட்டரின் பவர் அடாப்டரும் லேன் கேபிளும் செம்பு. மின்னல் அந்த வழியாக லேப்டாப் வரை வரலாம். அடாப்டர், சார்ஜர், கேபிள் மூன்றையும் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஹாட்ஸ்பாட்டோடு வேலையைத் தொடருங்கள்.

முன்னுரிமையை நீங்களே வைக்கவும் வழி உண்டு. ஸ்டார்ட்டில் ‘வியூ நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்’ என்று தேடித் திறந்து, வேண்டிய இணைப்பின் ‘ப்ராபர்ட்டீஸ்’, அதில் ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’, அப்புறம் ‘அட்வான்ஸ்டு’. அங்கே ‘ஆட்டோமேட்டிக் மெட்ரிக்’ டிக்கை எடுத்துவிட்டு 10 என்று போடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ‘வெர்ஷன் 6’ என்ற புதிய முகவரி முறைக்குத் தனி மெட்ரிக் இருக்கிறது. அதையும் மாற்றாவிட்டால் சில தளங்கள் ஒரு வாசலிலும் சில இன்னொன்றிலும் போய்க் குழப்பும்.

கேபிள் எப்போதும் ஜெயிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். விண்டோஸ் அந்த எண்ணை இணைப்பின் வேகத்தைப் பார்த்துப் போடுகிறது. செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் ‘லிங்க் ஸ்பீட்’ 1000/1000 இருக்க வேண்டிய இடத்தில் 100/100 என்று இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே எட்டு இழை. 100க்கு நான்கு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்றை எலி கடித்தால் இணைப்பு பெரும்பாலும் போகாது, வேகம் சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்காகிவிடும். செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க, கூட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பார்கள். நம் கூரைக்குள் ஆந்தை வராது, புதுக் கேபிள்தான் வாங்க வேண்டும்.

இரண்டையும் உண்மையாகவே சேர்க்க ‘ஸ்பீடிஃபை’ போன்ற செயலிகள் உண்டு. உங்கள் தரவைத் துண்டாக்கி இரண்டு வழியிலும் அனுப்பி, தங்கள் சர்வரில் ஒட்டவைக்கும். ஒன்று போனாலும் மீட்டிங் அறுந்துபோகாது. ஆனால் கட்டணம் உண்டு, ஹாட்ஸ்பாட் டேட்டாவும் கரையும். உங்கள் கம்பெனி விபிஎன் (அலுவலகத்துக்கான பாதுகாப்பான தனி வழி) கேட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளவும் கூடும். மாதத்துக்கு ஒருமுறை லைன் போவதற்காக நான் இதை வாங்க மாட்டேன்.

இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் உருப்படியாக வேலை செய்யும் இடம் வேறு. எனக்குத் தெரிந்த தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர், ஆபீஸ் கேமராப் பதிவுப் பெட்டியை லேப்டாப்பில் கேபிள் வழியாகப் பார்ப்பார். அந்தக் கேபிளில் இணையம் கிடையாது. ஹாட்ஸ்பாட்டில் இணையம் இருந்தும், கேபிளைச் செருகினாலே மெயில் நின்றுவிடுகிறது என்று புலம்பினார். போய்ப் பார்த்தால், யாரோ ஐபி முகவரியைக் கையால் போட்டுக் கொடுத்தபோது ‘டிஃபால்ட் கேட்வே’, அதாவது இணையத்துக்கான வாசல் எது என்று சொல்லும் கட்டத்தையும் நிரப்பியிருந்தார்கள். விண்டோஸ் மெயிலைக் கேமராப் பெட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். கேமரா கேபிளிலும் மெயில் ஹாட்ஸ்பாட்டிலும் ஓட ஆரம்பித்தன.