மகளுக்கு மீன் ஆராய்ச்சி, அப்பாவுக்கு வரிக் கவலை

கேள்வி: நாங்கள் அமெரிக்கக் குடிமக்கள். மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிலிப்பைன்ஸில் மீன்பிடிப்பும் மனித நடமாட்டமும் கடல் மீன்களை எப்படிப் பாதித்திருக்கின்றன என்று ஆராயும் 8 வாரக் கோடைத் திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனமான என்எஸ்எஃப் தரும் நிதி. வாரம் 700 வீதம் 5,600 டாலர் ஸ்டைபெண்ட் (செலவுக்கான உதவித்தொகை); விமான டிக்கெட்டை நாம் எடுத்துவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கல்லூரி நூலக வேலையில் அவளுக்கு வருஷம் 4,000 டாலர் வருகிறது. வரி எவ்வளவு வரும்? ஸ்டைபெண்டை ரோத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடலாமா? டிக்கெட்டுக்கு 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கின் பணத்தை எடுக்கலாமா? அவள் தோழி 6,500 டாலர் கட்டி ஒரு தனியார் பவளப்பாறை ஆய்வு முகாமுக்குப் போகிறாள். இரண்டு பேரும் சேர்ந்து அதற்கே போகட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். ஒரு பக்கம் 5,600 வரவு, இன்னொரு பக்கம் 6,500 செலவு. வித்தியாசம் 12,100 டாலர். அந்த முகாமை நடத்துகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். பிலிப்பைன்ஸ் மீன்வளத் துறையின் ஆராய்ச்சி அனுமதி யார் பெயரில் இருக்கிறது? மாணவர்கள் எண்ணும் மீன் கணக்கு கடைசியில் எந்த ஆய்வாளர் கைக்குப் போகிறது? மழுப்பினால் அது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பில்லை, ஆனால் அந்தச் செலவைப் படிப்புச் செலவில் எழுதாதீர்கள்.

மகளுக்குக் கிடைத்திருப்பது வேறு ரகம். ஆல்பட்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் 1907 முதல் 1910 வரை பிலிப்பைன்ஸ் கடலில் பிடித்த மீன்கள் இன்றும் ஸ்மித்சோனியனில் இருக்கின்றன. அன்றைய மீனையும் இன்றைய மீனையும் மரபணு அளவில் ஒப்பிட முடிகிற கடல்கள் உலகில் குறைவு. பிலிப்பைன்ஸின் சில்லிமன் பல்கலைக்கழகத்தார் அங்குள்ள சுமிலோன் தீவில் மீன்பிடியைத் தடுத்துக் காப்பகம் அமைத்தது 1974-இல். அதனால் மீன் பிடிக்கும் இடம், மீன் பிடிக்காத இடம் என்று ஒப்பிடவும் நீண்ட காலக் கணக்கு இருக்கிறது. முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த 8 வாரத்துக்கு எடை உண்டு.

இனி வரி. இந்த ஸ்டைபெண்ட் சம்பளம் இல்லை, அதனால் பெரும்பாலும் சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவம் வராது, மற்ற வருமானங்களுக்கான 1099 படிவமும் வராது. காகிதம் வரவில்லையே, வரியும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தப்பு. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகாத ஸ்டைபெண்ட் வருமானம்தான். ரிட்டர்னோடு சேர்க்கும் ஷெட்யூல் 1 படிவத்தில் 8ஆர் என்ற இடத்தில் எழுத வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் மட்டும் கிடையாது.

2025 எண்களை வைத்துக் கணக்குப் போடுவோம். உங்கள் வரித்தாளில் சார்ந்தவராக இருக்கும் மகளுக்கு நிலைக்கழிவு (வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழிக்கும் தொகை) என்பது உழைப்பு வருமானத்துடன் 450 டாலரைக் கூட்டிய தொகை, உச்சம் 15,750. இந்தக் கழிவைக் கணக்கிடும்போது மட்டும் ஸ்டைபெண்டும் உழைப்பு வருமானத்தில் சேரும். 5,600 + 4,000 = 9,600; கழிவு 10,050. வேறு வருமானம் இல்லையென்றால் கூட்டரசு வரி பூஜ்யம். நூலகச் சம்பளத்தில் பிடித்திருந்தால் அதைத் திரும்ப வாங்கவாவது ரிட்டர்ன் போடுங்கள். மாநில வரிக்குத் தனிக் கணக்கு.

வில்லங்கம் எங்கே என்றால், அவள் பெயரில் நீங்கள் பங்குக் கணக்கு வைத்திருந்தால். 24 வயதுக்குக் கீழே உள்ள முழுநேர மாணவர்களின் உழைக்காத வருமானத்துக்குப் பெற்றோர் விகிதத்தில் வரி போடும் 'கிட்டி டேக்ஸ்' கணக்கில் இதே ஸ்டைபெண்ட் உழைக்காத வருமானமாக மாறிவிடும். விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி. அதன் வரம்பு 2,700 டாலர். ஸ்டைபெண்ட் ஒன்றே அதைத் தாண்டிவிட்டது. அதே வருஷம் பங்கை விற்று 3,000 டாலர் லாபம் காட்டினால், மொத்தம் 12,600-இல் 10,050 கழிவு போக மிஞ்சும் 2,550-க்கும் உங்கள் விகிதத்தில் வரி வரும். விற்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள்.

ரோத் ஐஆர்ஏவில் ஸ்டைபெண்டைப் போட முடியாது. 2020 முதல் சலுகை கிடைத்தது முதுகலை, முனைவர், அதற்கு மேற்பட்ட ஆய்வாளர்களின் ஸ்டைபெண்டுக்கு மட்டும். உங்கள் மகள் போடக்கூடிய உச்சம் நூலகச் சம்பளமான 4,000. அதற்கு மேல் போட்டால், எடுக்கும்வரை ஒவ்வொரு வருஷமும் அதிகப்படித் தொகைக்கு 6 சதவீத அபராதம்.

529-இல் டிக்கெட், காப்பீடு, பாஸ்போர்ட் மூன்றுக்கும் இடமில்லை; எடுத்தால் லாபப் பகுதிக்கு வரியும் 10 சதவீத அபராதமும். இந்தக் கோடையைப் பல்கலைக்கழகம் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் வகுப்பாகப் பதிவு செய்து, மகள் பாதி நேர மாணவியாகவாவது இருந்தால், கட்டணத்துக்கும் கல்லூரி நிர்ணயித்த அளவுக்குள் தங்குமிடம், சாப்பாட்டுக்கும் எடுக்கலாம். ஸ்கூபா (காற்று உருளையோடு கடலில் முங்கும்) பயிற்சியும் அப்படித்தான்: கிரெடிட் வகுப்பென்றால் உண்டு, வெளியே கற்றால் இல்லை.

டிக்கெட்டில்தான் நிஜமாகவே காசு போகும். கூட்டரசு நிதியில் பறப்பவர்களுக்கு 'ஃப்ளை அமெரிக்கா' சட்டம் பொருந்தும். அமெரிக்க நிறுவன விமானமாக இருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டு விமானமானாலும் டிக்கெட்டில் அமெரிக்க நிறுவனத்தின் குறியெழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும். 300 டாலர் மலிவு என்று பிலிப்பைன் ஏர்லைன்ஸ் எண்ணில் எடுத்தீர்களானால், மொத்தத் தொகையும் திரும்பி வராமல் போகலாம். முதலில் பல்கலைக்கழகப் பயண அலுவலகத்துக்கு டிக்கெட் விவரத்தை அனுப்பி, சரி என்ற பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். அதன்பின் காசு கட்டுங்கள். நேரடியாகப் பல்கலைக்கழகமே டிக்கெட் எடுத்துத் தருமா என்றும் கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள், கேட்காதவர்கள்தான் கிரெடிட் கார்டு வட்டி கட்டுகிறார்கள். ஸ்டைபெண்ட் தவணை எந்தத் தேதிகளில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் தவணை புறப்பட்ட பிறகு வருமானால், ஒரு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும்.

காப்பீட்டில் மூன்று கேள்வி: முங்கி எழும்போது உடம்பில் வாயுக் குமிழி உண்டானால் தரும் அழுத்த அறை சிகிச்சைக்குப் பணம் உண்டா, விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவு உண்டா, ஆராய்ச்சிக்காக முங்குவதை 'தொழில்' என்று சொல்லித் தள்ளுவார்களா. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் மூன்றாவதில் கைவிரிக்கும். பல்கலைக்கழகப் பாலிசியின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குறை இருந்தால் முங்குவோருக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் முங்கல் விபத்துக் காப்பீட்டைச் சேருங்கள்.

விசா இல்லாமல் அமெரிக்கர்கள் அங்கே 30 நாள் இருக்கலாம். 8 வாரம் என்றால் 56 நாள், ஒரு நீட்டிப்பு போதும். 59 நாளைத் தாண்டினால் தனி அடையாள அட்டைக்கும் செலவு வரும். ஆராய்ச்சிக்குத் தனி விசா வேண்டும் என்று திட்டத்தார் சொன்னால் அவர்கள் சொல்வதே சரி. கார்டு தேய்க்கும்போது 'டாலரில் கட்டவா?' என்று இயந்திரம் கேட்டால் அந்த ஊர்ப் பணமான பெசோவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

திரும்பும் டிக்கெட் மாற்ற முடியாத மலிவு வகையாக இருக்கக் கூடாது. அந்தக் குமிழி ஆபத்து இருப்பதால், பல நாள் தொடர்ந்து முங்கியவர்கள் கடைசி முங்கலுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. கடல் கொந்தளித்து ஒரு நாள் வேலை தள்ளிப்போனால் அந்த 18 மணி நேரமும் தள்ளிப்போகும். பலர் மணிலாவிலிருந்து புறப்படும் பெரிய விமானத்தை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். சில்லிமன் பல்கலைக்கழகம் இருக்கும் துமகெட்டேயிலிருந்து மணிலாவுக்கு ஏறும் சின்ன விமானமும் விமானம்தான், அதில் ஏறுவதற்கு முன்பே அந்த 18 மணி நேரம் முடிந்திருக்க வேண்டும்.