வாசகர் கேள்வி – பதில்: மஞ்சள் வைரத்தில் பொடிக்கற்கள்

கேள்வி: என் மகளுக்குத் தை மாதம் திருமணம். வெள்ளை வைரத்தில் அவளுக்கு விருப்பமில்லை. ஏழு கல் தோடும் ஒற்றைக்கல் மூக்குத்தியும் மஞ்சள் வைரத்தில்தான் வேண்டும் என்கிறாள். திருநெல்வேலி டவுனில் மூன்று கடைகளில் பார்த்துவிட்டோம். ஒரே அளவுக் கற்களுக்கு மூன்று விதமாக விலை சொல்கிறார்கள். நிறமும் ஒன்றுபோல் இல்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ‘மஞ்சள் வைரம்’ என்ற ஒரே பெயரில் பல தரக் கற்கள் விற்கப்படுவதுதான் விலை வேறுபாட்டுக்கு முதற்காரணம். வைரத்துக்குள் கலந்திருக்கும் நைட்ரஜன் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நம் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. வழக்கமான வைரங்களின் நிறத்தை டி முதல் இசட் வரை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிக்கிறார்கள். டி என்பது நிறமே இல்லாத கல். இசட்டை நோக்கிப் போகப்போக மஞ்சள் ஏறுகிறது, விலை இறங்குகிறது. இசட்டைத் தாண்டியதும் இந்தக் கணக்கு தலைகீழாகி, மஞ்சள் ஏற ஏற விலையும் ஏறுகிறது. அப்படித் தாண்டிய கற்களுக்குத்தான் ‘ஃபேன்சி லைட்’, ‘ஃபேன்சி’, ‘ஃபேன்சி இன்டென்ஸ்’, ‘ஃபேன்சி விவிட்’ என்று படிப்படியாகப் பெயர் சொல்கிறார்கள். இசட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும் வெளிர்மஞ்சள் கல்லை வியாபாரிகள் ‘கேப்’ என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியிலிருந்து அவ்வகைக் கற்கள் ஏராளமாக வந்ததால் நிலைத்துவிட்ட பெயர் அது. கேப் கல்லை வாங்குவதில் தவறில்லை, மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அழகாகவே இருக்கும். ஆனால் அதை ஃபேன்சி விலைக்கு வாங்கிவிடக் கூடாது. ஆகவே நீங்கள் பார்த்த மூன்று கடைகளிலும் முதலில் கேட்க வேண்டியது, கல் இசட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதைத்தான்.

பொடிக்கல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒளி கல்லுக்குள் எவ்வளவு தூரம் ஓடித் திரும்புகிறதோ அவ்வளவுக்குத்தான் நிறம் ஏறும். கிம்பர்லியில் கிடைத்த புகழ்பெற்ற டிஃப்பனி வைரம், பட்டை தீட்டிய பிறகும் 128.54 கேரட். அந்தப் பருமனில் தளதளவென்று தெரியும் மஞ்சள், அதே நிறமுள்ள ஐந்து சென்ட் கல்லில் (நூறு சென்ட் ஒரு கேரட்) வெளிறித்தான் தெரியும். இரண்டரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டக்கல் ஏறத்தாழ ஆறு சென்ட் இருக்கும். ஏழு கல் தோட்டுக்கு அந்த அளவே பொருத்தம் என்று கொண்டால், பெரிய கல்லுக்கு ‘ஃபேன்சி லைட்’ போதும் என்று சொல்லும் நானே, இங்கே ‘ஃபேன்சி’க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் போய்விட்டால் ‘இன்டென்ஸ்’ கல்தான் மஞ்சள் என்று கண்ணில் படும். மூக்குத்தி ஒற்றைக்கல் என்பதால் அதற்கு மட்டும் சற்றுப் பெரிய கல்லாக, பத்து சென்ட் அளவில், பார்க்கலாம்.

கட்டும் விதத்தையும் கல்லோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். பின்புறம் மூடிய கட்டு, அதாவது கடைகளில் ‘க்ளோஸ் செட்டிங்’ என்று சொல்வது, நம் பக்கத்து ஏழு கல் தோட்டுக்குப் பழக்கமானதே. மஞ்சள் தங்கத்தின் நிறம் பின்னாலிருந்து கல்லுக்குள் ஏறுவதால், அந்தக் கட்டில் மஞ்சள் ஒரு படி கூடித் தெரியும். வெள்ளைத் தங்கத்தில் கட்டினால் வெளிர்மஞ்சள் கல் பழுப்படைந்த வெள்ளைக்கல் போலத் தோன்றும் அபாயம் உண்டு. என் கருத்தில் பொடி மஞ்சள் கல்லுக்கு அது ஏற்றதன்று. ஆனால் மூடிய கட்டில் அடைத்துவிட்ட கல்லைப் பிறகு எல்லாப் பக்கமும் பார்த்துச் சோதிக்க முடியாது. எனவே சோதனை எதுவானாலும் கல் தனியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

கடை விளக்கின் கீழ் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். காலை பத்து மணி சுமாருக்குப் போய், வெயில் நேரே விழாத வாசற்படி வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்து அந்த மடிப்புக்குள் கற்களைக் குப்புற வரிசையாக வைத்துப் பாருங்கள். கல் எவ்வளவு மஞ்சள் என்பதும், கூட்டத்தில் எது மாறி நிற்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு நிமிர்த்தி வைத்து, உங்கள் கையில் இருக்கும் மஞ்சள் தங்க வளையல்மேல் ஒருமுறை பாருங்கள்; ஃபேன்சி கற்களின் நிறத்தை முகப்பக்கமாகப் பார்த்துத்தான் தரம் சொல்கிறார்கள். ரூபாய்த்தாளைச் சோதிக்கும் ஊதா விளக்கு கடையில் இருந்தால் அதன் கீழேயும் காட்டச் சொல்லுங்கள். கேப் வகைக் கற்கள் சிலவற்றில் அந்த விளக்குக்கு நீலம் ஒளிரும். அந்த நீலம் பலமாக இருந்தால், நம் ஊர் வெயிலில் மஞ்சள் மங்கிக் கல் வெள்ளையாகத் தெரியக்கூடும். நம் பாட்டிமார் வெள்ளை வைரத்தில் ‘நீலம் ஓடுகிறதா’ என்று தேடிப் பார்த்து வாங்கினார்கள். மஞ்சள் வைரத்தில் நாம் தவிர்க்க வேண்டியது அதையேதான்.

இவற்றையெல்லாம்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஜோடி சேர்ப்பதைப் பற்றி. ஏழு கல் தோட்டில் கண் ஒரு கல்லைப் பார்ப்பதில்லை, பதினான்கு கற்களையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஒரு கல் மட்டும் மிக உயர்ந்த மஞ்சளாக இருந்து மற்றவை ஒரு படி குறைந்திருந்தால், அந்த உயர்ந்த கல்லே குறையாகத் தெரியும். கட்டுவதற்கு முன் கற்களை மெழுகின்மேல் ஏழு ஏழாகப் பதித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடையில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். மெழுகுத் தட்டை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் மஞ்சளுக்குள் பச்சை ஓடும் கல்லும் பழுப்பு ஓடும் கல்லும் தனியே பிரிந்து நிற்கும். என் மதினியின் மஞ்சள் வைரத்தோட்டில், அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில், ஓரக்கல் ஒன்று விழுந்துவிட்டது. வாங்கிய கடையில் அதே அளவில் வேறு கல் வைத்துக் கொடுத்தார்கள். விளக்கொளியில் ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாள் முற்றத்து வெயிலில் பார்த்தால், ஆறு கல் செவந்தி மஞ்சளாகவும் ஒன்று மட்டும் எலுமிச்சங்காய் நிறத்திலும் இருந்தது. ஒத்த நிறத்தில் கல் கிடைக்காமல், ஆசையாய்ச் செய்த தோட்டை அவர்கள் பிறகு போடவே இல்லை. அதனால்தான், பதினான்கு கல் வேண்டுமென்றால் அதே பொட்டலத்திலிருந்து பதினாறாக வாங்கி, மிச்சம் இரண்டையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

பில்லில் கற்களின் எண்ணிக்கை, மொத்த சென்ட், நிறத்தின் தரம், பூமியில் கிடைத்த இயற்கைக் கல், இயற்கையான நிறம் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றல்ல: பூமியில் கிடைத்த வெளிறிய கல்லுக்குக் கதிர்வீச்சாலோ உயர் அழுத்த வெப்பத்தாலோ மஞ்சள் ஏற்றுவது உண்டு, மேற்பூச்சு பூசுவதும் உண்டு. நகையில் உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி என்னும் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே, கல்லுக்கு அது எந்த உறுதியும் தராது. எடையையும் பாருங்கள். ஆறு சென்ட் வீதம் பதினான்கு கல் 84 சென்ட். ஒரு கேரட் 0.2 கிராம் என்பதால் கற்களின் எடை 0.168 கிராம். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும்.

கேள்வி: கடைக்காரர் ஊசி போன்ற கருவியைக் கல்லில் வைத்து, விளக்கு எரிந்து ஒலி வந்ததும், ‘அசல் வைரம்’ என்றார். அது போதாதா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: போதாது. அந்தக் கருவி கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. கண்ணாடி, ஸிர்கோனியா, கனக புஷ்பராகம் ஆகியவை அதில் தேறமாட்டா. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் உண்மையில் வைரமே என்பதால் அதே விளக்கும் அதே ஒலியும் வரும். மஞ்சள் கல்லில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உயர் அழுத்த முறையில் வைரம் வளர்க்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜனைத் தடுக்காவிட்டால் கல் தானாகவே மஞ்சளாகத்தான் வளரும். அத்தகைய பொடிக்கற்கள் இயற்கைக் கற்களின் பொட்டலத்தில் கலந்து வந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஆய்வகக் கல்லை அதன் பெயரைச் சொல்லி, அதன் குறைந்த விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். இயற்கைக் கல்லின் விலை கொடுப்பதானால், ஆறு சென்ட் கல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் கட்டுப்படியாகாது என்பதால், கட்டுவதற்கு முன் மொத்தக் கற்களையும் ஆய்வகத்தில் சோதித்துத் தரக் கேளுங்கள்.

கேள்வி: என் பாட்டியின் வைரத்தோடு முன்பு வெள்ளையாக இருந்ததாம், இப்போது மஞ்சளாகத் தெரிகிறது. வயதானால் வைரம் மஞ்சளாகுமா? மஞ்சள் வைரம் என்று சொல்லி விற்க முடியுமா?
– ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: வயதால் வைரம் நிறம் மாறாது. வைரத்துக்கு எண்ணெய்ப்பசையை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் குணம் உண்டு. பல வருடம் மஞ்சள் பூசிக் குளித்த முகத்தில் இருந்த தோட்டில், எண்ணெயும் மஞ்சளும் கல்லுக்கும் கட்டுக்கும் இடையில் அடைந்திருக்கும். திறந்த கட்டாக இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் துலக்குங்கள். மூடிய கட்டாக இருந்தால் ஊறவைக்கக் கூடாது, உள்ளே தண்ணீர் இறங்கினால் கல் இன்னும் மங்கிவிடும். ஈரத்துணியால் முகப்பை மட்டும் துடையுங்கள். அதன் பிறகும் மஞ்சள் நின்றால், கட்டைப் பிரித்துக் கல்லைத் தனியே பார்க்காமல் நிறத்தைச் சொல்ல முடியாது. பழைய மூடிய கட்டில் பழகிய ஆசாரியிடம் மட்டும் கொடுங்கள். கொடுக்கும் முன் கற்களை எண்ணி எழுதி, இரண்டு தோட்டையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.