வாங்கும் முன்: பழைய காரும் புது வெல்டிங் மெஷினும்

வீட்டு வாசலிலேயே பழைய காரைப் புதுப்பிக்கிறவர்களின் கடிதங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. எல்லாமே வெல்டிங்கைச் சுற்றித்தான். அதனால் இந்த முறை அதற்கு மட்டும்.

கேள்வி: 1984 பிரீமியர் பத்மினி. டிரைவர் பக்கத்து ஃப்ளோர் அரித்துப்போய்த் தரை தெரிகிறது. கேட் வேலைக்கு வாங்கிய ஆர்க் மெஷின் வீட்டில் இருக்கிறது. அதிலேயே பழகி அடிக்கலாமா, மிக் (ஒயர் தானாக வந்து உருகுகிற வெல்டிங் மெஷின்) வாங்கத்தான் வேண்டுமா? (மதுரை)

பதில்: மிக் வாங்குங்கள். பத்மினியின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்தான். ஆர்க் மெஷினின் 2.5 மி.மீ. ராடு அணையாமல் எரிகிற சூட்டில், துரு தின்ற தகடு ஓட்டையாகிவிடும். கேஸ் இணைப்பு உள்ளதாக, 30-40 ஆம்பியர் வரை இறங்கி நிலையாக எரிகிற மெஷினாகப் பாருங்கள். ஒயர் 0.6 மி.மீ., ஈ.ஆர். 70 எஸ்-6 வகை. வெல்டைக் காற்றுப் படாமல் காக்கிற கேஸ், ஆர்கான் 80 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 20 சதவீதம் கலவை. நிமிடத்துக்கு 10 லிட்டர் போதும். ஃபேன் காற்று மேலே பட்டால் அதுவும் வீண்தான், வெல்டு தேன்கூடு மாதிரி ஓட்டை விழும்.

20 கேஜ் (தடிமன் அளவு) சி.ஆர். ஷீட்டில், அதாவது பூச்சில்லாத இரும்புத் தகட்டில், துண்டுகள் வெட்டிப் பழகுங்கள். கேட் குழாயில் பழகினால் கை தவறான சூட்டுக்குப் பழகிவிடும். இரண்டு துண்டுக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி விட்டு, விரல் அகலத்துக்கு ஒரு புள்ளியாக டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வையுங்கள். பிறகு ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒன்று. ஒரு முனையில் ஒரு புள்ளி வைத்தால் அடுத்தது எதிர்முனையில் இருக்கட்டும். கை வைத்துப் பார்த்து, ஆறின பிறகே அடுத்தது. நீளமாக ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அலை அலையாக நெளியும்; அந்த நெளிவை எடுப்பது ஓட்டை அடைப்பதைவிடப் பெரிய வேலை.

இன்னொன்று, இதை விடாதீர்கள். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. ஃப்ளோரும், கதவுக்குக் கீழே ஓடும் சில்லும்தான் காரைத் தாங்குகின்றன. வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே சதுரக் குழாய் வைத்து டேக் அடியுங்கள். அடிக்காமல் வெட்டினால் பாடி தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடாது.

கேள்வி: ஆன்லைனில் "250 ஆம்பியர், கேஸ் வேண்டாம்" என்று போட்ட மிக் மெஷின் வாங்கினேன். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் கூட்டி வைத்தால் எம்.சி.பி. விழுகிறது. குறைத்து வைத்தாலும் ஃபெண்டர் ஓட்டையாகிறது. என் கைதான் சரியில்லையா? (கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். பெட்டிமேல் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். மிக் வெல்டிங்கில் 250 ஆம்பியர் வர வேண்டுமானால் ஆர்க்கில் சுமார் 26.5 வோல்ட் நிற்க வேண்டும். பெருக்கினால் 6,600 வாட்டுக்கு மேல். உங்கள் பிளக் தருவது 230 பெருக்கல் 16, அதாவது 3,700 வாட்டுக்குக் கீழே. உள்ளே போவதைவிட வெளியே அதிகம் வருகிற மெஷின் உலகத்தில் இல்லை. அந்தப் பிளக்கைக் காட்டி இந்த எண்ணைச் சொல்லி விற்கிறவர், ஒன்று தெரியாதவர், இல்லை ஏமாற்றுகிறவர்.

அதைவிட மோசம், டியூட்டி சைக்கிளை மறைப்பது. பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்ற கணக்கு அது. 20 சதவீதம் என்றால் இரண்டு நிமிடம் வேலை, எட்டு நிமிடம் ஓய்வு. ஒழுங்கான மெஷினின் பின்பக்கத் தகட்டில் எக்ஸ் என்ற எழுத்துக்கு நேரே சதவீதமும், அதன் கீழே ஆம்பியரும் வோல்ட்டும் இருக்கும். அந்தத் தகடே இல்லாமல், முன்பக்கம் பெரிய எழுத்தில் ஆம்பியர் மட்டும் போட்ட மெஷினை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். இந்தப் பொய் கேபிள் வரை வந்துவிட்டது. செம்பு என்று பில் போட்டு எனக்கு விற்ற எர்த் கேபிளின் முனையைச் சுரண்டினால் உள்ளே அலுமினியம். நீங்களும் சுரண்டிப் பாருங்கள்.

இனி உங்கள் ஓட்டைக்கு வருவோம். கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் ஒயருக்கு (உள்ளே பொடி அடைத்த ஒயர்), கையில் பிடிக்கிற டார்ச் மைனஸில், எர்த் பிளஸில் இருக்க வேண்டும். பல மெஷின்கள் மாற்றி இணைத்தே வருகின்றன. முதலில் அதைத் திறந்து பாருங்கள். சரியாக இருந்தும் ஓட்டையானால், அந்த ஒயர் ஃபெண்டர் தகட்டுக்குச் சூடு அதிகம். மெஷினில் கேஸ் இணைப்பு இருந்தால் 0.6 சாலிட் ஒயருக்கு (பொடி இல்லாத ஒயர்) மாறுங்கள். கூடவே ஒயரைத் தள்ளும் ரோலர், டார்ச் முனையில் உள்ள கான்டாக்ட் டிப் இரண்டையும் 0.6-க்கு மாற்றி, டார்ச்சைப் பிளஸுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மி.மீ. தகட்டுக்குச் சுமார் 50 ஆம்பியரே போதும்; ஆர்க்கில் வோல்ட் குறைவு என்பதால் அதற்கு உங்கள் பிளக் தாராளம்.

கேள்வி: ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காது என்கிறார்கள். அதிலேயே பேட்ச் போடலாமா? (ஈரோடு)

பதில்: கூடாது. ஜி.ஐ. ஷீட்டின் மேல்பூச்சு துத்தநாகம். அதன் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும், வெல்டும் பொங்கும். சி.ஆர். ஷீட் வாங்கி, அடித்து முடித்ததும் இணைப்பில் சீலரும் (நீர் புகாமல் அடைக்கும் பசை) உள்ளறையில் கேவிட்டி வாக்ஸும் (துரு தடுக்கும் மெழுகு) போடுங்கள்.

கேள்வி: பழைய 10 லிட்டர் ஆர்கான் சிலிண்டர் விலைக்கு வந்தது. "எங்கும் நிரப்புவார்கள்" என்றார், வாங்கினேன். இரண்டு கடையில் நிரப்ப மறுத்துவிட்டார்கள். விற்றவர் போன் எடுப்பதில்லை. (திருச்சி)

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. நிரப்ப மறுத்தவர்கள் செய்தது சரி. தோளில் பொறித்த சோதனைத் தேதி கடந்த சிலிண்டரையோ, வேறு கம்பெனிப் பெயர் உள்ளதையோ 150 பார் அழுத்தத்துக்கு ஏற்ற முடியாது. தேதி மட்டும்தான் பிரச்சினை என்றால், அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் நீர் அழுத்தச் சோதனை செய்து மீட்டுவிடலாம். கம்பெனிப் பெயர் இருந்தால் அது வாடகைச் சிலிண்டராக இருக்கலாம். அந்தக் கம்பெனியிடம் கேளுங்கள், சுரண்டி அழிக்காதீர்கள்.

விற்றவர் வியாபாரி என்றால் விடாதீர்கள். பில், பணம் அனுப்பிய விவரம், "எங்கும் நிரப்புவார்கள்" என்ற மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துவைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். அடுத்த முறை பில்லோடு வாங்குங்கள். 10 லிட்டர் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் கேஸ், அதாவது இரண்டரை மணி நேரத்து எரிப்பு. டேக் வேலைக்கு அது வெகுநாள் வரும்.

கேள்வி: போட்டோ பார்த்து 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கிவிட்டேன், முழுப் பணமும் கொடுத்தாயிற்று. ஆர்.சி. இரண்டு கை முந்தைய ஆள் பெயரில் இருக்கிறது. வந்த பிறகு காந்தம் வைத்துப் பார்த்தால் பாதி இடத்தில் ஒட்டவில்லை. எந்த மெஷின் வாங்கலாம்? (திருநெல்வேலி)

பதில்: மெஷின் வாங்காதீர்கள். காந்தத்தைப் பணம் கொடுக்கும் முன் கொண்டுபோயிருக்க வேண்டும். ஒட்டாத இடமெல்லாம் தகட்டை மறைத்துத் தடிமனாகப் பூசிய பட்டி. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத் தேடி பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் முதலில் 31-ஆம் படிவத்தில் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இது முடியும்வரை கிரைண்டரைத் தொடாதீர்கள். சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யும் ஒத்துப்போகின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். துரு எடுக்கிறேன் என்று அந்த எண்ணைத் தேய்த்தால் எந்த ஆர்.டி.ஓ.வும் ஏற்க மாட்டார். ஒரே நல்ல செய்தி, ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, பாடியைக் கழற்றலாம். 50 வயது தாண்டியதால் விண்டேஜ் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பேப்பர் சுத்தமான பிறகுதான்.

கேள்வி: கறுப்புக் கண்ணாடி போதுமா, ஹெல்மெட் வேண்டுமா? (சேலம்)

பதில்: ஹெல்மெட். ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) 9 முதல் 13 வரை மாற்றக்கூடிய, நான்கு சென்சார் உள்ள ஆட்டோ டார்க்கனிங், அதாவது ஆர்க் எரிந்ததும் தானாகக் கறுக்கிற வகை. காருக்கு அடியில் படுத்து அடிக்கும்போது ஒன்றிரண்டு சென்சார் மறைந்துவிடும், அதற்குத்தான் நான்கு. கண்ணாடி மட்டும் போட்டால் முகம் வெந்துவிடும், பக்கவாட்டு ஒளி இரவில் கண்ணில் மணல் கொட்டிய வலியாக வரும்.

கேள்வி: பெட்ரோல் டேங்கில் ஊசி ஓட்டை. டேங்க் காலிதான். மிக்கில் ஒரு புள்ளி வைக்கலாமா? (சென்னை)

பதில்: வைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். டேங்க் வேலை தெரிந்த ரேடியேட்டர் கடைக்குக் கொடுங்கள். மற்ற இடத்தில் வெல்டு அடிக்கும்போதும் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், பேட்டரி எர்த்தை எடுத்துவிடுங்கள். தகட்டைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரே வாங்கியிருந்தால் டப்பாவில் குளோரின் சேர்ந்த பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆர்க் ஒளி பட்டால் அந்த ஆவி ஃபாஸ்ஜீன் என்ற கொல்லும் வாயுவாகிறது. துடைக்க அசிட்டோன் வாங்குங்கள். துடைத்த துணியையும் டப்பாவையும் வெளியே வைத்து, ஈரம் முழுக்க ஆறிய பிறகு ஆர்க் போடுங்கள்.