‘நமக்கு எந்த ஊரு?’: ஒரு பஜாவ் கல்யாணமும் மலாய் மரியாதையும்

அன்புள்ள ஐயா,

நான் மதுரைக்காரன். மலேசியாவின் சபா மாநிலத் தலைநகர் கோத்தா கினபாலுவில் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. உடன் வேலை பார்ப்பவர் பக்கத்துக் கோத்தா பெலுட் ஊரைச் சேர்ந்த பஜாவ் இனத்தவர். போன மாதம் அவருடைய தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை குதிரையில் வந்தார், சேகண்டிகள் விடாமல் ஒலித்தன, பெண்ணின் தலையில் பொன்னிறக் கிரீடம். எல்லாம் புதிதாக இருந்தது.

பெண்ணின் அப்பாவிடம் மலாயில், ‘அவாக் ஆப்பா காபார்?’ என்று நலம் விசாரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஆனால் சுற்றி இருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. நண்பர் என் தோளைத் தொட்டு அப்பால் அழைத்துப் போனார். என்ன தப்பு என்றால், ஒன்றுமில்லை என்கிறார். கைப்பேசிச் செயலியில் ‘அவாக்’ என்பதற்கு ‘நீங்கள்’ என்றுதான் இருக்கிறது.

அதே வீட்டில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, ‘கித்தா டாரி மானா?’ என்றார். கித்தா என்றால் ‘நாம்’ அல்லவா? கிளம்பும்போது காப்பி வேண்டாம் என்றேன். ஓர் அம்மா கோப்பையை விரலால் தொட்டுவிட்டாவது போகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்குகிறேன். ‘கித்தா’ என்றால் நாம்தான். எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘கித்தா’, அவரை விட்டுவிட்டு நம்மை மட்டும் சொன்னால் ‘காமி’. தமிழில் நாம், நாங்கள் என்று இருக்கும் அதே வேறுபாடு. ஆனால் சபாவின் மேற்குக் கரையிலும் பக்கத்துப் புருணையிலும், மரியாதையாக ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கித்தா’ சொல்கிறார்கள். நான் மேற்கு மலேசியாவின் கிள்ளானில் பிறந்து மலாய்ப் பள்ளியில் படித்தவன். வேலைக்காக சபா போன முதல் வாரம், சாப்பாட்டுக் கடையில் ஓர் அம்மா, ‘கித்தா மாவ் மினும் ஆப்பா?’ (என்ன குடிக்கிறீர்கள்?) என்று கேட்டபோது எனக்கும் ஒரு கணம் பிடிபடவில்லை. அப்புறம் சட்டென்று பாட்டியின் குரல் ஞாபகம் வந்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். தோட்டத்து லயத்து வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் திண்ணையில் உட்காரவைத்து, ‘நமக்கு எந்த ஊருப்பா?’ என்றுதான் கேட்பார். உங்கள் மதுரையிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். ‘நமக்குக் கல்யாணம் ஆயிருச்சா தம்பி?’ என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் நாம் குழம்புவதில்லையே. அந்தப் பெரியவர் உங்களிடம் கேட்டதும் அதுதான். ‘நமக்கு எந்த ஊரு?’

இப்போது ‘அவாக்’. அகராதி பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறது. அவாக் என்பது நண்பர்களுக்குள், கணவன் மனைவிக்குள், வயதில் இளையவரிடம் புழங்குகிற சொல். அப்பா வயதுள்ளவரை அப்படி அழைப்பதில்லை. சரி, பெரியவருக்கு உரிய ‘நீங்கள்’ எது என்று தேடினால், மலாயில் அப்படி ஒன்று கிடைக்காது. ‘அண்டா’ என்று ஒரு சொல் உண்டு. அது விளம்பரத்துக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் உரியது. நேரில் ஒரு பெரியவரிடம் சொன்னால் விறைப்பாக இருக்கும்.

நமக்கு இது சிரமமாக இருப்பதற்குக் காரணம் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘சாப்பிட்டீங்களா?’ என்று ஒரு சொல் போதும். யாரை என்று சொல்லாமலே மரியாதை போய்ச் சேர்ந்துவிடும். மலாய் வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. ‘மாக்கான்’ என்றால் சாப்பிடுவது, அவ்வளவுதான். நான் சாப்பிட்டாலும் மாக்கான், நீ சாப்பிட்டாலும் மாக்கான், நாட்டாமை சாப்பிட்டாலும் மாக்கான். ஆகவே மரியாதை முழுவதையும் அழைக்கிற சொல்தான் சுமக்க வேண்டும். அதனால்தான் மலாய்க்காரர்கள் ‘நீங்கள்’ என்ற சொல்லையே ஓரமாக வைத்துவிட்டு உறவுமுறையால் அழைக்கிறார்கள். ‘பாக் சிக் சுடா மாக்கான்?’ ‘மாமா சாப்பிட்டாச்சா?’ என்பது போல. பெண்ணின் அப்பா உங்களுக்கு பாக் சிக், அம்மா மாக் சிக். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் அபாங் (அண்ணன்) அல்லது காக் (அக்கா), இளையவர் அடிக். தாத்தா வயதென்றால் டத்தோக், சுருக்கமாகத் தோக். அலுவலகத்தில் எஞ்சிக் (திரு), புவான் (திருமதி), துவான் (ஐயா). ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நீங்கள்’ வரவேண்டிய இடத்தில் இந்த உறவைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், அலுப்புத் தட்டாது. யாரிடமாவது பேசத் தொடங்குவதற்கு முன் ‘இவர் எனக்கு என்ன வேண்டும்’ என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் நீங்கள் பேசிவிட்டீர்கள், அதுதான் நடந்தது.

பெண் தன் கணவனை ‘அபாங்’ என்று அழைப்பதையும் அங்கே கேட்டிருப்பீர்கள். அபாங் என்றால் அண்ணன் என்று படித்தவர்களுக்கு இது திடுக்கிட வைக்கும். கணவன் பெயரைச் சொல்லாமல் மரியாதையும் பிரியமுமாக அழைக்க அவர்கள் தேர்ந்துகொண்ட சொல் அது. நம் வீட்டில் ‘என்னங்க’ செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

கல்யாணத்துக்கு வருகிறேன். கோத்தா பெலுட் பஜாவ் மக்கள் தங்களைச் சாமா என்று சொல்லிக்கொள்கிறவர்கள். கிழக்குக் கரையில் செம்பூர்ணாவில் இருக்கும் பஜாவ் மக்களுக்குப் படகுதான் எல்லாம். லேப்பா என்கிற அவர்களுடைய படகுக்கு ஆண்டுதோறும் விழாவே எடுக்கிறார்கள். மேற்குக் கரை பஜாவ் மக்களோ நிலத்தில் ஊன்றி, நெல் விளைவித்து, மாடும் குதிரையும் வளர்ப்பவர்கள். அதனால் இங்கே மாப்பிள்ளையைக் குதிரைதான் சுமக்கிறது. மனிதர்களைப் போலவே குதிரைக்கும் கல்யாண உடுப்பு உண்டு. முகத்திலிருந்து வால் வரை வண்ணத் துணி, கழுத்தில் மணிகள். கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, கினபாலு மலை பின்னால் நிற்க, வயல்வெளிச் சாலையில் அந்த மணிச்சத்தம் நெருங்கி வருவதைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது.

ஒருமுறை நான் பெண் வீட்டில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தேன். உள் அறையில் பெண்ணுக்கு அலங்காரம். பாடு சாம்பிட் என்கிற கறுப்புப் பட்டுச் சட்டை, அதன் முன்பக்கத்தில் வரிசையாகத் தங்க நிறப் பொத்தான்கள், இடுப்பில் வெள்ளிக் காசுகள் கோத்த பட்டை. கடைசியாகத்தான் சரெம்பாக், நீங்கள் பார்த்த கிரீடம். அதை வைத்தது பெண்ணின் பெரியம்மா. கிரீடம் நெற்றியில் நேராக இருக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தார், முன்னால் வந்து பார்த்தார், மறுபடி எடுத்து ஒரு விரல்கடை இறக்கி வைத்தார். அந்த நேரம் முழுக்க யாரும் பேசவில்லை. வைத்து முடித்ததும் அவரே இரண்டடி பின்வாங்கிக் குனிந்தபடி வெளியே வந்தார். மலாயில் மணமக்களை ‘ராஜா செஹாரி’, ஒருநாள் ராஜா என்பார்கள். காலையில்கூட ‘அடிக்’ என்று அதட்டப்பட்ட பெண், கிரீடம் ஏறியதும் அரசி ஆகிவிடுகிறாள். மணமேடையில் அவர்கள் சிரிக்காமல் கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பதற்கும் இதுவே காரணம். சோகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாப்பிள்ளையின் தலையில் கட்டியிருந்த துணி போடோங். அதற்கான டஸ்தார் துணியை அதே வட்டாரத்தில் கைத்தறியில் நெய்கிறார்கள். ராம்பாயான் லாவுட் கிராமம் இதற்குப் பேர்போனது. ஒலித்த சேகண்டிகளில், வரிசையாக அடுக்கிய சின்னச் சேகண்டிகளுக்குக் குலிந்தாங்கான் என்று பெயர். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் பெண்கள் கைகளை அலைபோல் அசைத்து ஆடியது லிம்பாய். இரவு தங்கியிருந்தால் ருன்சாயும் பார்த்திருக்கலாம், பந்துன் என்கிற நாலடிப் பாட்டைப் பாடி ஆடுவது. அடுத்த முறை தங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பணம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. சபாவில் அதை பெரியான் என்கிறார்கள், நம் பழைய பரிசப் பணம் மாதிரி. அதைப் பேசி முடிக்க இரண்டு பக்கப் பெரியவர்களும் உட்காரும்போது வெற்றிலை பாக்கு நடுவில் இருக்கும். பேசி முடித்து மணமும் நடந்துவிட்டால், இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஒருவருக்கொருவர் ‘பெசான்’. நம் சம்பந்தி. சகலைக்கும் ‘பீராஸ்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். மணமக்களைக் குறிக்க மலாயில் ‘மெம்பெலாய்’ என்றொரு சொல் உண்டு, கல்யாண வாழ்த்துகளில் அடிக்கடி வரும். மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நம் ‘மாப்பிள்ளை’தான் கடல் தாண்டிப் போய் அங்கே நிலைத்துவிட்டது, பெண்ணையும் சேர்த்துக் குறிக்கிறது. இதை முதன்முதலில் அறிந்த அன்று நான் அடைந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

காப்பி விஷயம். சபாவிலும் பக்கத்து மாநிலமான சரவாக்கிலும் கெம்புனான் என்றொரு நம்பிக்கை உண்டு. கொடுத்த உணவை ஏற்காமல் கிளம்பினால் வழியில் ஆபத்து நேரும் என்பார்கள். பாம்பு கடிக்கலாம், விபத்து நடக்கலாம். வயிறு நிறைந்திருந்தால் விரலால் தொட்டால் போதும், அது சாப்பிட்டதற்குச் சமம். அந்த அம்மா உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இருட்டில் எழுபது கிலோமீட்டர் போகப்போகிற பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே என்று பயந்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். நண்பர் மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அது ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கி அவர்களைச் சங்கடப்படுத்தும். நோன்புப் பெருநாள் வரட்டும். அன்று வீடுகள் திறந்தே இருக்கும், பலகாரம் வாங்கிக்கொண்டு போங்கள். பாக் சிக்கின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குனிந்து, ‘பாக் சிக், சாயா மிந்தா மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று சொல்லுங்கள். வெளிப்படையாகச் செய்த பிழைக்கும் மனத்துக்குள் செய்த பிழைக்கும் மன்னிப்பு என்று பொருள். அன்றைக்கு எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது அது. உங்களுடையதும் அதோடு சேர்ந்துவிடும். அப்புறம் காப்பி வரும், உட்கார்ந்து குடியுங்கள்.