சர்வர் பிறகு வாங்கலாம்

அன்புள்ள ஐயா,

டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சென்ற மாதம் சேர்ந்தேன். கணினிப் பொறுப்பு முழுவதும் என் ஒருவன் தலையில். அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். ஆளுக்கொரு மடிக்கணினி, ஆளுக்கொரு மின்னஞ்சல். கடவுச்சொற்கள் கணக்காளரின் நோட்டில் இருக்கின்றன. "அடியிலிருந்து கட்டு, பணம் தருகிறேன்" என்கிறார் முதலாளி. சர்வர் வாங்குவதா, இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடுக்குப் போவதா என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது. எதில் தொடங்கலாம்?

எஸ்., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள எஸ்.,

பணம் தருகிறேன் என்று சொல்லும் முதலாளி கிடைப்பது அரிது. அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பணத்தை இப்போது தொடாதீர்கள். நிறுவனத்திடம் இருக்கும் தகவல் நாளை அழிந்தால் திரும்பக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். சர்வரா கிளவுடா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பேக்கப் இருக்கிறது என்று யார் சொன்னாலும் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கைக் காப்பு நகலிலிருந்து எடுத்து வேறொரு கணினியில் ஏற்றுங்கள். கணக்காளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சென்ற மாதச் சம்பளப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். உண்மை நிலவரம் அப்போதுதான் வெளியே வரும். மென்பொருளின் உரிமச் சாவி பழைய கணினியிலேயே சிக்கியிருக்கும். அல்லது பட்டியல் என்றைக்கோ ஒரு மாதத்தோடு நின்றிருக்கும். அல்லது நகலெடுத்த வன்தட்டு அதே மேசை இழுப்பறையில் கிடக்கும். திருடன் வந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோவான். ஒரு நகலாவது நெட்வொர்க்கோடு இணைப்பில்லாமல் தனியே, வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் உள்ளே புகுந்தால், இணைப்பில் இருக்கும் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இதை முதலாளிக்குப் புரியவைக்க நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. 2021 ஜூலையில், தென்னாப்பிரிக்காவின் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த இணையத் தாக்குதலில் டர்பனின் சரக்குப் பெட்டக முனையங்கள் முடங்கின. கணினி செய்த வேலையைக் கையால் எழுதிச் சமாளித்தார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்.

அடுத்து, நிறுவனத்தின் டொமைன், அதாவது இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எப்போதோ இணையதளம் செய்து கொடுத்தவர் பெயரிலோ வேலையை விட்டுப் போனவர் பெயரிலோ இருந்தால், அவருடன் நல்லுறவு இருக்கும்போதே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். கணக்காளரின் நோட்டு கடவுச்சொல் பெட்டக மென்பொருளுக்கு மாறட்டும். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு கைபேசி வழியாகவும் உறுதிசெய்வது, கட்டாயம்.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 மார்ச் கடைசியில் தொடங்கி பத்து மாதங்கள் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இல்லாமல் போனதும் பலர் பேட்டரியை மறந்துவிட்டார்கள். 2023இல் அந்த மின்வெட்டின் ஆறாம் கட்டம் நடந்தபோது, அதாவது 6000 மெகாவாட் வரை குறைத்தபோது, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஈய அமில பேட்டரிகள் முழுதாகச் சார்ஜ் ஆகவில்லை. அரைகுறைச் சார்ஜில் திரும்பத் திரும்ப வடிந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். அப்படி அடிபட்ட யுபிஎஸ் உங்கள் அலுவலகத்திலும் இருக்கலாம். பச்சை விளக்கு எரியும், மின்சாரம் போனால் ஐந்து நிமிடம் தாங்காது. ஒரு சனிக்கிழமை மதியம், எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். வைஃபை எரிந்துகொண்டிருக்கும், இணையம் மட்டும் இருக்காது. தேடினால், வரவேற்பறைச் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியின் வயர் சாதாரணப் பிளக்கில் செருகியிருக்கும். அதையும் ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். புதிதாக வாங்குவதானால் லித்தியம் வாங்குங்கள். முதல் செலவு அதிகம், ஆனாலும் நம் ஊருக்கு அதுதான் கட்டுப்படியாகும். மின்சாரம் திரும்பும்போது வரும் அதிர்வுக்கு சர்ஜ் பாதுகாப்பும் வேண்டும்.

கிளவுட் பற்றி என் கருத்து இது: அறுபது பேருக்கு சர்வர் அறை கட்டித் தனியாளாகக் கட்டிக் காக்காதீர்கள். மின்னஞ்சலும் ஆவணங்களும் கிளவுடுக்குப் போகட்டும். மைக்ரோசாஃப்ட் 2019இல் ஜோஹன்னஸ்பர்க்கிலும் அமேசான் 2020இல் கேப் டவுனிலும் தரவு மையங்களைத் திறந்துவிட்டன. உள்நாட்டு மையத்தையே தேர்ந்தெடுங்கள். 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் அருகே, ஆப்பிரிக்காவை வெளியுலக இணையத்தோடு இணைக்கும் நான்கு கடலடிக் கேபிள்கள் பழுதாயின, மே மாதம் கிழக்குக் கரையில் ஈஸி (EASSy), சீக்காம் என்ற இரண்டு கேபிள்களும் பழுதாயின. இணையம் தள்ளாடிய அந்த நாட்களை நினைத்தால் காரணம் விளங்கும். கிளவுடின் விலை டாலரை ஒட்டி ஏறி இறங்கும். ரேண்ட் சரிந்தால் பில் கூடும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுகிறது. அதன்படி தகவல் அதிகாரி என்ற பொறுப்பு இயல்பாகவே நிறுவனத் தலைவருடையது. ஓட்டுநர்களின் அடையாள எண்கள் வெளியே கசிந்தால் ஒழுங்காணையத்துக்கும் அந்த ஓட்டுநர்களுக்கும் தெரிவித்தாக வேண்டும். உங்கள் தலையில் மட்டும் விழும் சுமை இது அல்ல என்பது இருவருக்கும் தெளிவாக இருக்கட்டும்.

செய்வதை எல்லாம் அன்றன்றே எழுதிவையுங்கள். நீங்கள் ஊருக்கு விடுப்பில் போகும்போது இன்னொருவர் அதைப் படித்து ரவுட்டரைத் திருப்பி இயக்க முடிய வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லின் ஒரு பிரதி, முத்திரையிட்ட உறையில், முதலாளியின் பெட்டகத்தில் இருக்கட்டும்.

சம்பளக் கணக்கை மீட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். உரிமச் சாவி தகராறு செய்தால் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.